கைக்கருவிக்கு மரம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூல் நூற்கும் ஒரு தக்களிக்கு எவ்வளவு மரம் தேவை? 8 செ.மீ. அகலமுள்ள வட்டு ஒன்று, 30 செ.மீ. நீளத் தண்டு ஒன்று. குரோஷா ஊசிக்கு அதுவும் வேண்டாம். 16 செ.மீ. நீளமும் 15 மி.மீ. கனமும் உள்ள குச்சி போதும். மேசை, நாற்காலி செய்யும் பட்டறையில் கழித்துப் போடும் துண்டுகளிலேயே வருடம் முழுக்கக் கடையலாம். இருந்தும் பலர் முதலில் தேடுவது கடல் கடந்து வரும், வெட்ட வெட்டக் குறைந்துவரும் மரத்தைத்தான். அதையும் நிறத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கடைப்பெயரை நம்புவது

‘கருங்காலி’ என்று ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் அது டையோஸ்பைராஸ் எபெனமாக இருக்கலாம், அகேசியா கட்டெச்சு என்னும் வேல மரமாக இருக்கலாம், கறுப்புச் சாயம் ஏற்றிய ஏதோ ஒரு மரமாகவும் இருக்கலாம். மூன்றும் கனத்தில், நாரில், விலையில், சட்டத்தில் வேறு வேறு. ‘ரோஸ்வுட்’, ‘அயர்ன்வுட்’, ‘மஹோகனி’ என்பவையும் இப்படித்தான். ஒரே வணிகப் பெயருக்குள் தொடர்பே இல்லாத பல மரங்கள் ஒளிந்திருக்கும். சாயம் ஏற்றிய மரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. முனையை ஒரு மில்லிமீட்டர் சீவி, ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்து, சீவிய இடம் வெளுத்திருந்தால் அது கருங்காலி இல்லை.

சட்டம் பார்ப்பது தாவரவியல் பெயரைத்தான். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில், ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992 முதலே முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பிரிவில் உள்ளது. செம்மரம் 1995 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஆப்பிரிக்கப் படாக் வகைகளையும் அதில் சேர்க்க 2022 மாநாடு முடிவு செய்தது. இவை வாங்கக்கூடாத மரங்கள் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டாம் பட்டியலில் உள்ளதை உரிய அனுமதித் தாளோடு வாங்கலாம், விற்கலாம். ஆனால் அந்தத் தாள் எந்த மரத்துக்கு என்பதில் இனப்பெயர் தெளிவாக இருக்க வேண்டும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2019 முதல் இரண்டாம் பட்டியல் டால்பெர்ஜியாவில் செய்து முடித்த பொருள்களுக்கு, ஒரு சரக்கில் அந்த மரம் 10 கிலோவுக்கு மிகாமல் இருந்தால், சைட்டீஸ் தாள் வேண்டாம். ஆகவே முடித்த குரோஷா ஊசிகளை அனுப்புவது ஒரு கதை, அதே மரத்தைக் கடையாத கட்டையாக அனுப்புவது வேறு கதை. கட்டைக்கு இந்த விலக்கு கிடையாது. முதல் பட்டியல் மரத்துக்கு எந்த வடிவத்திலும் கிடையாது. நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டின் விதியையும் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்ட வேண்டும்.

முத்திரை இருந்தால் போதும் என்று நினைப்பது

காட்டைப் பொறுப்போடு பேணி எடுத்த மரத்துக்குச் சான்று தரும், 1993இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. அமைப்பின் முத்திரை பயனுள்ளதுதான். ஆனால் அது கடைக் கதவில் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. வாங்கும் துண்டு சான்று பெற்றதா என்பதைப் பில்தான் சொல்லும். அதில் அந்தப் பொருளுக்கு நேரே ‘100%’, ‘மிக்ஸ்’, ‘ரீசைக்கிள்டு’ போன்ற வகையும் சான்று எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அமைப்பின் பொதுத் தரவுத்தளத்தில் தேடி, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்துவிடலாம்.

பழைய மரம் என்றாலே பாவமில்லாதது என்பது இன்னொரு நம்பிக்கை. பழைய கதவு, நிலை, உத்தரம் ஆகியவை நன்றாகக் காய்ந்தவை, உண்மைதான். ஆனால் உள்ளே முறிந்த ஆணி இருக்கும், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பூச்சி மருந்து ஊறியிருக்கலாம். காந்தம் ஓட்டிப் பார்க்காமல் உளி வைக்காதீர்கள். பெயின்டைத் தூசியாக்காமல், ஈரப்படுத்திச் சுரண்டி எடுங்கள். பழசு என்பதால் சைட்டீஸ் விதி விலகாது. ஒப்பந்தத்துக்கு முந்தையது என்று நிரூபிக்கும் சான்று தனியாக வேண்டும்.

காயாத மரத்தில் கை வைப்பது

உள்ளூர் மரத்துக்குக் கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் இதனால்தான். கழித்த கொய்யாக் கிளை, விழுந்த புளி, வீட்டு ஓரத்துப் பூவரசு எல்லாமே அருமையான கருவி மரங்கள். வெட்டிய வாரமே கடைந்தால் எந்த மரமும் கோணும்.

முனை வழியாக ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் முனை முதலில் சுருங்கிப் பிளக்கும். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவுங்கள். கருவியின் நீளத்தைவிட இரு பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக விடுங்கள். கிளையின் நடுத்தண்டை விட்டு இருபுறமும் பிளந்து எடுங்கள். நடுத்தண்டு உள்ளே இருந்தால் வெடிப்பு ஏறக்குறைய நிச்சயம்.

அங்குல கனத்துக்கு ஒரு வருடம் காற்றில் காயவிடுவது பழைய கணக்கு. அது தோராயம்தான். தராசு சரியாகச் சொல்லும். துண்டை வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைத் துண்டின் மேலேயே எழுதிவையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் அறையின் ஈரத்தோடு மரம் ஒத்துப்போய்விட்டது. உறுதியான எண் வேண்டுமானால், அதே மரத்தின் ஒரு சில்லை எடைபோட்டு, 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை சூடாக்கி மறுபடி எடைபோடுங்கள். 50 கிராம் 40 ஆனால், இழந்த 10ஐ உலர்ந்த எடையான 40ஆல் வகுக்க வேண்டும்: ஈரம் 25 சதவீதம். 50ஆல் வகுத்து 20 சதவீதம் என்று எழுதிக்கொள்பவர்கள் நிறைய. கருவிக்கு 8 முதல் 12 சதவீதம் இருந்தால் நல்லது.

தக்களி வட்டில் இது உடனே தெரிந்துவிடும். மரம் வளையங்களை ஒட்டிய திசையில், ஆரத் திசையைவிடச் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். ஈர மரத்தில் வட்டமாகக் கடைந்தது காய்ந்ததும் முட்டை வடிவாகி, தக்களி தள்ளாடும். பத்தில் ஒரு பங்கு பெரிதாக முரட்டுக் கடைசல் செய்து வைத்து, எடை நின்றபின் இறுதிக் கடைசல் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற வெளிப்பகுதி, உள்ள துண்டில் மாவுப்பொடி உதிர்ந்தால் வண்டு இருக்கிறது. நடுப்பகுதி 56 டிகிரியை எட்டி, அதே சூட்டில் 30 நிமிடம் இருந்தால் பூச்சி சாகும். நடுவுக்குச் சூடு சேரத் தனியாக நேரம் ஆகும் என்பதை மறந்து அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

கடினம்தான் வலிமை என்று எண்ணுவது

வைரம் பாய்ந்த கருங்காலியில் சுத்தியல் காம்பு போட்டால் அதிர்ச்சி தாங்காமல் ஒருநாள் சட்டென்று முறியும். காம்புக்கு வேண்டியது நெளிந்து கொடுக்கும் உறுதி. ஹிக்கரி, ஆஷ் போன்றவை அதற்குப் பெயர்போனவை. கொட்டாப்புளித் தலைக்குத்தான் கனமும் கடினமும் தேவை. நன்றாகக் காய்ந்த புளி அதற்குப் போதும். லிக்னம் வீட்டே இன்னும் கடினம், ஆனால் அதுவும் சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது.

எந்த மரமானாலும் நாரோட்டம் கருவியின் நீளத்தோடு போக வேண்டும். பத்து செ.மீ.க்கு ஒரு செ.மீ. சரிந்தாலே வளைவு வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஐந்துக்கு ஒன்று சரிந்தால் ஏறக்குறையப் பாதியே மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு சொட்டு மை விடுங்கள், நாரின் போக்கில் அது ஓடும். அதைவிட நம்பகம், அறுக்காமல் பிளந்து எடுப்பது. சுருள் நார் உள்ள அழகான துண்டை வட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரோஷா ஊசியின் கழுத்தில் அந்த அழகு முறிவாகத்தான் முடியும். 4 மி.மீ.க்குக் கீழான ஊசிக்கு நேர் நாரும் நுண்துளையும் உள்ள மரம் மட்டுமே. தேக்கு போன்ற பெருந்துளை மரங்களில் நூல் சிக்கும். தேக்கில் உள்ள சிலிக்கா உளி முனையையும் தின்றுவிடும்.

தூசியும் பூச்சும்

மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே சேர்த்துவிட்டது. டால்பெர்ஜியா வகைகள், குறிப்பாகக் கொக்கோபோலோ, தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். முதல் பத்து முறை ஒன்றும் செய்யாது, பதினோராவது முறை கை வீங்கும். N95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் போடுங்கள். அரளிக் கட்டையை எதற்கும் எடுக்காதீர்கள், அது முழுவதும் நஞ்சு.

சமையல் எண்ணெயைத் தேய்ப்பது மிகப் பரவலான தவறு. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் உலர்ந்து படலமாகாது. பிசுபிசுத்து, நூலில் கறையாக ஏறும். ஆளிவிதை எண்ணெய் உலரும், ஆனால் ஈட்டி இனங்களின் மேல் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த மரத்தின் இயல்பான எண்ணெய் அதை உலரவிடாது. அங்கே 400ஆம் எண் வரை உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்து மெருகேற்றினாலே போதும். ஒட்ட வேண்டியிருந்தால், பசை பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள். முந்தின நாள் துடைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

படாக்கின் சிவப்பு ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு வார்னிஷைத் தூரிகையால் பூசினால் பக்கத்து வெள்ளை மரமும் சிவக்கும், வெளுத்த கம்பளி நூலும் சிவக்கும். நிறத்துக்காக வாங்கிய அந்தச் சிவப்பு, வெயில் படப் படப் பழுப்பாகிவிடும் என்பதையும் வாங்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். உலரும்போது உள்ளே சூடு ஏறி அது தானாகவே தீப்பற்றும். திறந்தவெளியில் ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைத்தபின் எறியுங்கள்.