நெஞ்சு எக்ஸ்ரேக்கு நோயாளியை நிறுத்தும் முறை: புதிதாகப் பழகுவோருக்கு

எக்ஸ்ரே அறையில் பழகத் தொடங்குபவருக்கு அதிகம் வருவது நெஞ்சுப் படம்தான். கே.வி. (கதிரின் ஊடுருவும் வலு), எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) இரண்டையும் சுவரில் ஒட்டிய அட்டவணை சொல்லிவிடும். மோவாய், தோள், மூச்சு ஆகிய மூன்றையும் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். படம் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். கெட்ட படத்தைத் திரும்ப எடுத்தால் நோயாளிக்கு இரண்டு மடங்கு கதிர்.

இங்கே நின்றபடி எடுக்கும் பி.ஏ. படத்தைப் பார்ப்போம். இதில் கதிர் முதுகு வழியாக நுழைந்து மார்பு வழியாக வெளியேறும். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால், மார்பைப் படம் பதியும் தட்டான கேசட்டோடு ஒட்டினால் அதன் நிழல் அதிகம் பெரிதாகாது. கதிர் வரும் எக்ஸ்ரே குழாயை 180 செ.மீ. தள்ளி வைப்பதும் இதற்காகவே.

நோயாளி உள்ளே வருமுன்

35 × 43 செ.மீ. கேசட்டை ஸ்டாண்டில் நெட்டுவாக்கில் மாட்டுங்கள். அகன்ற மார்பு உள்ளவருக்குக் குறுக்குவாக்கில் மாட்டுங்கள். இல்லையென்றால் பக்கவாட்டு ஓரம் வெட்டுப்படும். கிரிட் (சிதறும் கதிரைத் தடுக்கும் தகடு) இருந்தால் 110 முதல் 125 கே.வி., இல்லாவிட்டால் 70 முதல் 80 வரை என்பது வழக்கம். இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் கதிர் பாயும் நேரத்தை முடிந்தவரை குறைவாக வையுங்கள்.

பெயர், உடை, நகை

"முருகன்தானே?" என்று கேட்காதீர்கள்; பதற்றத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னங்க? வயசு?" என்று கேட்டு, சீட்டோடு ஒப்பிடுங்கள். கருவுறும் வயதுப் பெண்களிடம், உடன் வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, மாதவிலக்குத் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு செய்ய வேண்டும்.

சங்கிலி, தாயத்து, ஊக்கு, கொக்கி வைத்த உள்ளாடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கவுன் அணியச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். மேலே தூக்கிப் பல்லில் லேசாகக் கவ்விக்கொள்ளச் சொன்னால் நுரையீரல் பகுதியை விட்டு விலகிவிடும். பின்னலை உச்சந்தலையில் கொண்டையாகக் கட்டச் சொல்ல மறக்காதீர்கள். எண்ணெய் தேய்த்த, ஈரமான பின்னல் தோளில் கிடந்தால் நுரையீரல் உச்சியில் வெள்ளைத் திட்டாக விழும். காசநோய் அடிக்கடி தெரியும் இடமும் அதுவே என்பதால், அந்தத் திட்டு ஒருவரை வீணாகச் சளிப் பரிசோதனைக்கு அலைய வைத்துவிடும்.

நிறுத்துவது

முதலில் பாதங்களைக் கொஞ்சம் அகட்டி, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கச் சொல்லுங்கள். ஒரு காலில் சாய்ந்து நின்றால் இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்பும். மார்பு கேசட்டில் ஒட்டட்டும். கேசட்டின் மேல்விளிம்பு தோளுக்கு மேல் 4 முதல் 5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மோவாயைத் தூக்கிக் கேசட்டின் மேல்விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள்; குனிந்திருந்தால் தாடை நிழல் உச்சியை மறைக்கும்.

அடுத்தது தோள், அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம். புறங்கைகளை இடுப்பில் ஊன்றச் சொல்லி, நீங்கள் பின்னால் நின்று இரண்டு முழங்கைகளையும் மெல்ல முன்னே தள்ளுங்கள். தோள்கள் முன்னே உருண்டு கேசட்டைத் தொடும்போது தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு வெளிப்பக்கம் விலகும். பிறகு தோள்களை லேசாகக் கீழே அழுத்துங்கள். தூக்கிய தோளோடு எடுத்தால் காறை எலும்பு (கழுத்தடியில் தோள் வரை குறுக்கே ஓடும் எலும்பு) உச்சியின் மேல் ஏறும். கை வைக்குமுன் "தோளைத் தொடறேங்க" என்று சொல்லிவிடுங்கள். முதியவருக்குத் தோள் வலி இருந்தால், ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்து நிற்கச் சொன்னாலும் எலும்பு விலகும்.

மார்பகம் பெரிதாக உள்ள பெண்களிடம், அவரே மேலும் பக்கவாட்டிலும் நகர்த்திவிட்டுக் கேசட்டில் சாயும்படி கேளுங்கள். அடிப்பகுதி நுரையீரல் தெளிவாகத் தெரியும்.

மையக்கதிர் ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் நேராக விழ வேண்டும். தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியை வைத்துக் குறிப்பார்கள். ஆனால் தோளை உருட்டியபின் அது இடம் மாறிவிடும். பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து பெண்களுக்கு 18 செ.மீ., ஆண்களுக்கு 20 செ.மீ. கீழே அளப்பது மேல். உங்கள் சாண் எத்தனை செ.மீ. என்று அளந்து வைத்துக்கொண்டால் ஸ்கேல் தேவையில்லை.

கதிர் விழும் இடத்தைக் காட்டும் ஒளிப்பரப்பை இருபக்கத் தோல் ஓரம் வரை சுருக்கி, 'ஆர்' குறியை நோயாளியின் வலப்பக்கம் ஒட்டுங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால் நிற்பதால் அவர் வலது உங்களுக்கும் வலதுதான். கணினியில் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இதயம் வலப்பக்கம் அமைந்தவரின் படத்தை யாரோ 'சரிசெய்து' திருப்பிவிடும் ஆபத்து உண்டு.

மூச்சு

"மூச்சைப் பிடிங்க" என்றதும் பலர் இழுக்காமலே அடக்குவார்கள். பொத்தானுக்குப் போகுமுன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்: "மூச்சை நல்லா இழுங்க... விடுங்க... மறுபடி நல்லா இழுங்க... அப்படியே அடக்குங்க." இரண்டாவது இழுப்பில்தான் நுரையீரல் நன்றாக விரியும். இழுக்கும்போது தோள் மேலே ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் வயிறு வரை இழுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது இழுப்பு தொடங்கும்போதே பொத்தானை முதல் நிலைக்கு அழுத்துங்கள். "அடக்குங்க" என்றபின் அழுத்தினால், குழாய்க்குள் இருக்கும் ரோட்டர் என்ற சுழலும் பாகம் சுழன்று தயாராவதற்குள் மூச்சுத் திணறல் உள்ளவர் பாதியை விட்டிருப்பார். கண்ணாடி வழியாக மார்பைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் நிலைக்கு அழுத்தி, முடிந்த உடனே "மூச்சை விடுங்க" என்று சொல்லுங்கள். பலர் அதற்காகக் காத்துக்கொண்டே நிற்பார்கள்.

படத்தைச் சரிபார்த்தல்

நோயாளியை அனுப்புமுன் பாருங்கள். இரண்டு உச்சிகளும், உதரவிதானத்தின் இரண்டு ஓரக் கோணங்களும் முழுதாக வந்திருக்க வேண்டும். உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்புகளை எண்ணுங்கள். 10 தெரிந்தால் மூச்சு போதும். 8 மட்டும் தெரிந்தால் இதயம் அகன்றும் அடிப்பகுதி நெரிசலாகவும் தோன்றி, நிமோனியாவோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

காறை எலும்புகளின் உள்நுனிகள் இரண்டும் முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா? எந்தப் பக்க நுனி முதுகெலும்புக்கு அருகில் வந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் கேசட்டை ஒட்டியும் மறுபக்கம் விலகியும் இருந்திருக்கிறது. திரும்ப எடுக்க நேர்ந்தால் விலகிய தோளை முன்னே தள்ளுங்கள்.

நிற்க முடியாதவர்

படுக்கையில் ஏ.பி. முறையில், அதாவது கதிர் மார்பு வழியாக நுழைந்து முதுகு வழியாக வெளியேறும்படி, எடுக்கலாம். கேசட் முதுகுக்கு அடியில் போகும். மையக்கதிர் கழுத்துக் குழியிலிருந்து 8 முதல் 10 செ.மீ. கீழே விழட்டும். குழாயைக் கால் பக்கமாக 5 டிகிரி சாய்த்தால் காறை எலும்பு உச்சியை மறைக்காது. உட்கார வைக்க முடிந்தால் உட்கார வையுங்கள், ஏனென்றால் மல்லாந்து படுத்தவரின் மார்பில் நீர் பின்பக்கம் பரவி, அதன் மட்டக் கோடு தெரியாது. படத்தில் 'ஏ.பி.' என்றும், படுத்தா உட்கார்ந்தா என்றும் கட்டாயம் குறியுங்கள். இந்த நிலையில் இதயம் பெரிதாகத் தெரிவது இயல்பு என்பதை மருத்துவர் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் கணக்கில் எடுப்பார்.