கோள்களைப் பார்க்க எந்த வகைத் தொலைநோக்கி?

வியாழன் பூமியை மிக நெருங்கும்போதும் அதன் வட்டு ஏறத்தாழ 50 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலமே இருக்கும். ஆகவே கோள்களுக்கான கருவியில் பரந்த காட்சிப்புலத்தைவிட நுண்விவரத் தெளிவே முதன்மையானது. அந்தத் தெளிவின் உச்சவரம்பை முகப்பு விட்டம், அதாவது ஒளியைத் திரட்டும் முதன்மை லென்ஸ் அல்லது ஆடியின் விட்டம், தீர்மானிக்கிறது: காற்று அமைதியாக இருந்தால் 100 மி.மீ. கருவி சுமார் 1.2 வில்விநாடி இடைவெளியையும், 200 மி.மீ. கருவி அதில் பாதியையும் பிரித்துக் காட்டும்.

லென்ஸ் தொலைநோக்கியில் ஒளியின் வழியை மறைக்க எதுவும் இல்லாததால் வியாழனின் பட்டைகள் நன்கு எடுப்பாகத் தெரியும். எனினும், குவியத் தொலைவு குறைந்த சாதாரண இரட்டை லென்ஸ் கருவியில் கோளின் விளிம்பில் ஊதா நிறம் கசியும். அதைப் போக்கும் அபோகுரோமாட் வகையின் விலையோ விட்டம் கூடக்கூட மிக வேகமாக ஏறும்.

எனவே பெரும்பாலோருக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது, டாப்சோனியன் எனும் எளிய பெட்டி வடிவத் தாங்கியில் அமைந்த, குவிய விகிதம் (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்த எண்) 6 முதல் 8 வரையுள்ள, 150 அல்லது 200 மி.மீ. நியூட்டன் வகைக் கருவியையே; இது லென்ஸுக்குப் பதில் ஆடியால் ஒளியைக் குவிப்பது. அதன் ஆடிகள் நேர்கோட்டில் இருப்பது இன்றியமையாதது. பிரகாசமான விண்மீன் ஒன்றை உயர் உருப்பெருக்கத்தில் காட்சியின் நடுவில் நிறுத்தி, குவியத்தைச் சற்றே விலக்கிப் பாருங்கள். ஒளி வளையங்கள் ஒருமையமாக இல்லாவிடில், முதன்மை ஆடியின் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். கருவி வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் குளிர, பார்ப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பே அதை வெளியில் வைத்துவிடுங்கள்.

இடம் குறைவெனில், ஆடியும் முன்கண்ணாடியும் சேர்ந்த கச்சிதமான மக்சுடோவ் வகை நல்ல தேர்வு, ஆனால் அதன் தடித்த முன்கண்ணாடி குளிர நேரமெடுக்கும். அதேபோல் கச்சிதமான ஸ்மிட்-காசிகிரெய்ன் வகையில், முன்புறமுள்ள துணை ஆடி முகப்பு விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மறைப்பதால் எடுப்பு சற்றுக் குறையும். கேமராவில் படமெடுப்போருக்கு அது பெரிய குறையன்று.