பழைய பறவைப் புத்தகம் வாங்கும் முன் படத்தை எண்ணுங்கள்

நான் கொஞ்சம் பெரிய தொகை கொடுத்து வாங்கிய முதல் பறவைப் புத்தகம், ஸ்டூவர்ட் பேக்கர் இந்திய வாத்துகளைப் பற்றி எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1908இல் வெளியிட்டது. தோல் முதுகு, பொன்னெழுத்து, உள்ளே கல்லச்சில் வண்ணம் ஏற்றிய வாத்துகள். மயங்கிப்போய் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி வீட்டுக்கு வந்து ராத்திரி சாவகாசமாகப் படங்களை எண்ணிப் பார்த்தால், 30 இருக்க வேண்டிய இடத்தில் 27தான் இருக்கிறது. தையலோரம் விரலை விட்டுத் தடவினேன். மூன்று இடத்தில் பிளேடு போட்டு அறுத்த விளிம்பு, நகத்தின் அகலத்துக்கு, துண்டு துண்டாக நின்றது. காணாமல் போனவற்றில் ஊசிவால் வாத்தும் ஒன்று, அது குளிர்காலத்தில் நம்ம கண்மாய்களுக்கு வந்துபோகிற பறவை என்பதால் வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

படத்தை ஏன் அறுக்கிறார்கள் என்றால், முழுப் புத்தகம் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம், ஆனால் ஒற்றைப் படத்தைச் சட்டம் போட்டு ஹோட்டல் வரவேற்பறைக்கோ வீட்டு ஹாலுக்கோ விற்பது சுலபம். அதனால் காசை எடுக்கும் முன் படத்தாள்களை எண்ணுங்கள். வியாபாரிகள் பிளேட் என்பார்கள். புத்தகத்தின் முன்பக்கத்தில் பெரும்பாலும் படங்களின் பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலே கிழிந்திருந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இந்தப் பழைய நூல்கள் பலவும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. கடையில் நின்றபடியே போனில் திறந்து, கையில் இருப்பதோடு ஒவ்வொரு படமாக ஒத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சரி, எதைச் சேர்ப்பது? பறவை ஓவியர் ஆடுபான் அமெரிக்கப் பறவைகளை 435 பெரிய தாள்களில் வெளியிட்டார், அதில் ஒரு முழுப் பிரதி 2018இல் நியூயார்க் ஏலத்தில் 96 லட்சம் டாலருக்கு மேல் போனது. இங்கிலாந்துக்காரர் ஜான் கோல்டின் ‘ஆசியப் பறவைகள்’ நூல் 1850இல் தொடங்கி 1883 வரை வந்தது, 530 படத்தாள். இதெல்லாம் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வர வேண்டிய சாமான்கள். என் கனவு வேறு. மதராஸ் ராணுவ டாக்டராக இருந்த ஜெர்டான், பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகளையே எடுத்துக்கொண்டு 50 படங்களுடன் 1843க்கும் 1847க்கும் இடையில் மதராஸிலேயே வெளியிட்ட நூல். நம் பக்கத்துப் பறவை, நம் பக்கத்து அச்சு. கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைப்பதில் தப்பில்லை. இங்கே ஒரு பொறி உண்டு: ‘ஜெர்டான் இருக்கு சார்’ என்று யாராவது கூப்பிட்டால் அது பெரும்பாலும் 1862இலிருந்து 1864 வரை வந்த அவருடைய இன்னொரு நூலாக இருக்கும். நல்ல நூல்தான், ஆனால் அதில் வண்ணப் படம் கிடையாது. படத்துக்காக வாங்கப் போய் ஏமாறாதீர்கள்.

நம்மைப் போன்றவர்கள் தொடங்க வேண்டிய இடம் இன்னும் கீழே இருக்கிறது. விஸ்லரின் 1928ஆம் வருட இந்தியப் பறவைக் கையேடு, சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலின் 1941 முதல் பதிப்பு, அவரே மலைப் பறவைகளுக்காக 1949இல் கொண்டுவந்த நூல். இவற்றில் வரும் பறவைகளை வண்டியூர் கண்மாயிலும் கொடைக்கானல் சோலையிலும் போய் நேரில் பார்த்துவிட்டு வந்து படத்தோடு ஒப்பிடலாம், அந்தச் சுகம் ஆடுபானில் கிடைக்காது. முதல் பதிப்பு என்று யாராவது சொன்னால் தலைப்புப் பக்கத்தைப் பார்ப்பதோடு விடாமல் அதன் பின்பக்கத்தையும் படியுங்கள், மறுபதிப்பு விவரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மதுரையில் தேடுவது பொறுமைசாலிகளின் வேலை. புதுமண்டபத்துப் புத்தகக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, அங்கே பாடப்புத்தகமும் பஞ்சாங்கமும் ஜோசியமும்தான் அதிகம். எனக்கு நல்ல சரக்கு வந்ததெல்லாம் பழைய பேப்பர் கடைகள் வழியாகத்தான். இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் நம்பர் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, என்ன மாதிரி புத்தகம் என்று ஒரு படத்தையும் காட்டி வையுங்கள். முதல் தடவை ‘அண்ணே, குருவி புக்கு ஒண்ணு வந்திருக்கு’ என்று போன் வந்தபோது அடித்துப் பிடித்து ஓடினேன், அது எல்கேஜி பிள்ளைகள் கலர் அடிக்கிற கிளிப் புத்தகம். இருந்தும் அவர் நினைவு வைத்துக் கூப்பிட்டாரே, அதுதான் முக்கியம். கொடைக்கானலையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க மதுரை மிஷனின் பாதிரியார்கள் 1845இல் வெயிலுக்குப் பயந்து மலையேறியதில் இருந்துதான் அந்த ஊரே உண்டானது. அந்தக் காலத்துப் பங்களாக்கள் கைமாறும்போது அலமாரியும் சேர்ந்து கைமாறும்.

அப்புறம் லென்ஸ். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். பறவையின் கழுத்துப் பக்கம், நிறம் மாறுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். திருவிழா போஸ்டரில் தெரிகிற மாதிரி வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன், அதாவது புகைப்பட முறையில் எடுத்த அச்சு. புள்ளிகள் மணல் சிந்தியது போல ஒழுங்கில்லாமல், ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றாக ஏறியிருந்தால் பல கற்களில் அச்சிட்ட குரோமோலித்தோ. புள்ளியே இல்லாமல், கறுப்புக் கோட்டைத் தாண்டி நிறம் ஒரு மயிரிழை வழிந்திருந்து, தூரிகை போன தடமும் தெரிந்தால் கையால் வண்ணம் தீட்டியது. புத்தகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பழைய கைவண்ணப் படங்கள் சிலவற்றில் பறவையின் கண்ணும் கரிய இறகும் மட்டும் பளபளக்கும், அந்த இடத்தில் பிசின் பூசியிருப்பார்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது பறவை என்னைத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது. ஹாஃப்டோன் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை, அதற்குக் கைவண்ணத்தின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

தாளில் அங்கங்கே தேமல் மாதிரி பழுப்புப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய தாளில் அது சகஜம், பறவையின் மேலேயே விழுந்திருந்தால் மட்டும் விலையைக் குறையுங்கள். ராமபாணப் பூச்சி போட்ட ஓட்டை அப்படியில்லை. ஓட்டையைச் சுற்றிப் புதுத் தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே குடித்தனம் நடத்துகிறது. செலோ டேப் ஒட்டிய பக்கத்துக்கு மருந்து கிடையாது, அதை உரிக்கப் போய் நானே ஒரு மீன்கொத்தியின் வாலைப் பிய்த்திருக்கிறேன். நூலக முத்திரை இருந்தால், கழித்துவிட்டதற்கான முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், யாரோ எங்கிருந்தோ தூக்கி வந்தது.

நூறு வயது தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருட்கள் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துபாயில் இருக்கிற மாமாவுக்குப் பரிசு என்று கூரியர் கட்டும் முன் தொல்லியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்ததை உடனே மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். ஒரு மாதம் தனியாக, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் தூள் உதிர்கிறதா என்று கவனியுங்கள். நம் ஊர் வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் எதிரி. இரும்பு பீரோவை மூடியே வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒருமுறை திறந்து ஃபேன் போட்டுவிடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடலாம். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைப்பேன், தாளில் நேரே பட்டால் கறையாகும். பாச்சை உருண்டை வேண்டாம், அந்த நாற்றம் உங்களுக்கும் ஆகாது. பெரிய புத்தகங்களை நிறுத்தாமல் படுக்க வையுங்கள், நின்றால் தன் கனத்துக்கே முதுகு பிளந்துவிடும். விலையும் வாங்கிய இடமும் எழுத வேண்டுமென்றால் பின்னட்டையின் உள்ளே மெல்லிய பென்சிலில் மட்டும்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். 1885இல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாயிருந்த ஹ்யூம் பெரிய பறவை ஆராய்ச்சியாளர். இந்தியப் பறவைகள் பற்றி அவர் வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் இல்லாத நேரத்தில் சிம்லா வீட்டு வேலைக்காரர் பழைய பேப்பராக விற்றுவிட்டார். என் அலமாரிக் கதவில் ‘எடைக்கு இல்லை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மா அதைப் படித்துச் சிரிக்கிறார். போகிக்கு முந்தின வாரம் மட்டும் பூட்டும் போட்டுவிடுவேன்.