விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிக்கும் செகண்ட்ஹேண்ட் கார்: பாகம் மாற்றும் முன் செய்ய வேண்டியவை

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது ஒழுங்காக ஓடும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மேம்பாலம் ஏறும்போது மறுபடி திணறும். விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்கின், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் அவ்வப்போது எரியாமல் போவதன், குணமே இதுதான். "பிளக் மாத்திடலாம், இல்லேன்னா காயில் மாத்திடலாம்" என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால் பணம் தீரும், கோளாறு தீராது. எந்தச் சூழலில் மிஸ் ஆகிறது என்பதை முதலில் பிடியுங்கள். பிறகு அதே சூழலை நீங்களே உண்டாக்கி, அந்த நேரத்தில் அளந்து பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கானது. ஸ்விஃப்ட்டின் கே12 இன்ஜின் போல ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் பாகம்) உட்கார்ந்திருக்கும் வகையை மனதில் வைத்து எழுதியது.

ஒரு எச்சரிக்கை. ஓடும்போது செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னினால் ஆக்சிலரேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். பல கார்களில் காயிலைவிடப் பல மடங்கு விலை அந்தக் கன்வர்ட்டருக்கு.

எப்போது மிஸ் ஆகிறது?

ஒரு வாரம் குறிப்பெடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? ஐடிலிங்கிலா, மேடேறும்போதா? மழை நாளிலா, வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளா? டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கியபோதா? சிஎன்ஜி கிட் இருந்தால் கேஸில் மட்டுமா, பெட்ரோலிலுமா? இந்தப் பதில்களே பாதி வேலையை முடித்துவிடும்.

டாப் கியரில் குறைந்த வேகத்தில் அழுத்தும்போது மட்டும் வெட்டினால் சந்தேகம் பிளக், காயில் மேல் போக வேண்டும். த்ராட்டில் திறந்து சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, பிளக் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் அங்கேதான் தோற்கும், ஐடிலிங்கில் சமாளித்துவிடும். சிஎன்ஜியில் பெட்ரோலைவிட அதிக வோல்ட்டேஜ் தேவைப்படுவதால் கோளாறு முதலில் கேஸில்தான் தலைகாட்டும். அதைப் பார்த்து கிட்டைக் குறை சொல்லி, ரெகுலேட்டரைக் கழற்றுவது வீண் வேலை. பெட்ரோலில் மட்டும் மிஸ் ஆகி கேஸில் நன்றாக ஓடினால், நெடுநாள் பயன்படாமல் அடைத்துக்கொண்ட இன்ஜெக்டரைத் தேடுங்கள்.

ஸ்கேனர் வைத்து முதலில் படியுங்கள், அழிக்காதீர்கள்

2013-க்குப் பிந்தைய கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (ஸ்கேனரைச் செருகும் இடம்) இருக்கும். புளூடூத் அடாப்டரும் போன் ஆப்பும் இருந்தாலே போதும். பி0301 முதல் பி0304 வரை கோடு (கார் பதிவு செய்யும் பிழைக் குறியீடு) வந்தால் கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது. பெரும்பாலான கார்களில் டைமிங் செயின் பக்கம் இருப்பது 1. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படமெடுத்து வையுங்கள். கோடு பதிவான நொடியில் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் வெப்பம், வேகம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும்.

காரை இன்னும் வாங்கவில்லை என்றால் ஆப்பில் 'ரெடினெஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். தினமும் ஓடும் கார் என்று விற்பவர் சொல்லியும், பல மானிட்டர்கள் (கார் தன் பாகங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் சோதனைகள்) முடியாத நிலையில் இருந்தால், அண்மையில் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள்.

இடம் மாற்றிப் பார்ப்பது

பி0302 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறிய பிறகு 2, 3 காயில்களை இடம் மாற்றுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள். கோடை அழித்துவிட்டு, மிஸ் ஆகும் அதே சூழலில் ஓட்டுங்கள். பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். பி0302 ஆகவே இருந்தால் அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் நகர்த்த வேண்டும். இரண்டைச் சேர்த்து நகர்த்தினால் விடை கிடைக்காது.

காயிலை மல்டிமீட்டரில் ஓம் அளந்து "நல்லா இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள். மூன்று, நான்கு பின் உள்ள காயில்களுக்குள் இக்னைட்டர் (காயிலை ஆன்-ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்ச்) சேர்ந்தே இருப்பதால் அந்த அளவுக்குப் பொருள் குறைவு. இன்சுலேஷன் விரிசல் சூட்டிலும் உயர் வோல்ட்டேஜிலும்தான் கசியும், ஆறிய மேசையில் தெரியாது. ஓடும் இன்ஜினில் காயிலைக் கையால் பிடுங்கிப் பார்ப்பதும் கூடாது. அங்கே இருப்பது பல்லாயிரம் வோல்ட்.

பழைய சான்ட்ரோ போலப் பிளக் வயர் உள்ள கார்களில் 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு காயில், 2, 3-க்கு ஒரு காயில் என்ற அமைப்பைப் பார்க்கலாம். ஒரே ஜோடி இரண்டும் மிஸ் ஆனால் காயில், ஒன்று மட்டும் ஆனால் வயர் அல்லது பிளக். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைப் பனிபோல் வயர்கள்மேல் அடித்தால், கசியும் இடத்தில் நீலப்பொறி தெரியும். விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக் சொல்லும் செய்தி

காயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவரில் உள்ள பிளக் குழாய் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதன் ரப்பரும் ஊறி, சில மாதங்களில் அதே கோளாறு வரும். தண்ணீரோ துருவோ இருந்தால் மழையும் வாட்டர் சர்வீஸும்தான் காரணம். கம்ப்ரஸர் காற்றால் குழியை ஊதிச் சுத்தம் செய்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும்.

இளம் காப்பிப்பொடி நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், ஈரமான கறுப்பு என்றால் எண்ணெய். ஒரே ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறதா என்று சந்தேகப்படுங்கள். வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடுபோல் கறுப்பு வரி ஓடினால் பொறி வெளிவழியாகப் பாய்கிறது. அப்போது பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை விட்டால் மற்றொன்றில் அந்தக் கோடு மறுபடி விழும்.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. 1.0 மி.மீ. இருக்க வேண்டியது தேய்ந்து 1.3 ஆகியிருந்தால் காயில் ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சிரமப்படும். 14 மி.மீ. மரையுள்ள புதுப் பிளக்கைக் கையாலேயே முழுவதும் திருகி, பிறகு கையேடு சொல்லும் டார்க் (முறுக்கும் அளவு) வையுங்கள். சுமார் 25 நியூட்டன் மீட்டர் என்பது பல அலுமினிய ஹெட்டுகளுக்குப் பொருந்தும்.

வயர், கனெக்டர், எர்த்

நின்றே இருந்த செகண்ட்ஹேண்ட் காரில் எலி கடித்த வயர் சர்வசாதாரணம். உடைந்த கனெக்டர் கிளிப்பும் அப்படித்தான். ஐடிலிங்கில் ஓடவிட்டு, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாக மெல்ல ஆட்டுங்கள். இன்ஜின் குலுங்கினால் அந்த இடம்தான். அடுத்து மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். ஹெட்லைட்டும் ஏசியும் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும்.

காற்றும் பெட்ரோலும்

பி0300 வந்து, பிளக்கும் காயிலும் நன்றாக இருந்தால் ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம்மை (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். ஷார்ட் (உடனடி), லாங் (நீண்டகால) இரண்டையும் கூட்டி +10 சதவீதத்தைத் தாண்டினால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஐடிலிங்கில் +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் +5-க்கு இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு இழுப்பது), பிரேக் பூஸ்டர் குழாய், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஆகிய மூன்றையும் தேடுங்கள். குளிரில் சுருங்கி ஒழுகி, சூடானதும் அடைத்துக்கொள்ளும் கேஸ்கெட் காலை மிஸ்ஸிங்குக்குப் பழைய காரணம். கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவது தீப்பிடிக்கும் வேலை. ஸ்மோக் டெஸ்ட் (உள்ளே புகை விட்டு ஒழுகும் இடத்தைப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள்.

மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம் கூடினால் பம்பு அல்லது ஃபில்டர். டேங்க் குறைந்து, வெயிலில் நெடுந்தூரம் ஓடிய பின் வருவதும் அந்தப் பக்கம்தான். ஓட்டும்போதே பெட்ரோல் பிரஷர் அளந்தால்தான் உண்மை தெரியும். போர்ட் இன்ஜெக்‌ஷனில் (சிலிண்டருக்கு வெளியே இன்டேக்கில் பெட்ரோல் தெளிக்கும் வகை) பெரும்பாலும் 3 முதல் 4 பார்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் பற்றாக்குறை என்று தப்பாகப் படித்து ட்ரிம்மைக் கூட்டும். ஒரே சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகும்போது ட்ரிம் கூடியிருந்தால் அது விளைவாக இருக்கலாம், காரணம் என்று முடிவுகட்டாதீர்கள்.

மாதக்கணக்கில் நின்ற கார் என்றால் பெட்ரோலையே சோதியுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனி அடுக்காகப் படியும். பம்பு உறிஞ்சுவது அங்கிருந்துதான். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து ஒரு மணி நேரம் நெருப்பில்லாத இடத்தில் வைத்தால் அடுக்குப் பிரிந்து தெரியும்.

எதுவும் அகப்படவில்லை என்றால் கம்ப்ரஷன்

இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, பிளக் கழற்றும் அளவுக்கு ஆறவிடுங்கள். எல்லாப் பிளக்குகளையும் எடுத்து, பெட்ரோல் பம்பு ஃபியூஸைப் பிடுங்கி, காயில் கனெக்டர்களையும் கழற்றுங்கள். பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளப்பது) மாட்டி, த்ராட்டில் முழுதும் திறந்த நிலையில் ஸ்டார்ட்டரால் இன்ஜினை ஐந்தாறு சுற்று சுற்றவிடுங்கள். பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் கவனிக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட். நெடுநாள் கேஸில் ஓடிய காரில் வால்வு சீட் தேய்ந்து இடைவெளி இறுகுவதால், சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் ஐடிலிங்கில் மட்டும் மிஸ் ஆகும்.

முதல் ஸ்டார்ட்டில் அரை நிமிடம் குலுங்கி, வெள்ளைப்புகை விட்டு, பிறகு நாள் முழுதும் ஒழுங்காக ஓடுகிறதா? கூலன்ட்டும் மெல்லக் குறைகிறதா? இரவு முழுதும் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். மாலையில், இன்ஜின் ஆறிய பிறகு, கூலிங் சிஸ்டத்தை ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி விட்டு, காலையில் பிளக் துளை வழியே கேமரா விட்டுப் பாருங்கள். வாங்குமுன் இது தெரிந்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

சரி செய்த பிறகு கோடை அழித்து, முதலில் மிஸ் ஆன அதே மேடு, அதே கியர், அதே சூட்டில் ஓட்டுங்கள். ஸ்கேனரில் 'பென்டிங்' (இன்னும் உறுதியாகாத கோடுகள்) பக்கமும் காலியாக இருக்க வேண்டும். நெடுநாள் மிஸ்ஸிங்கோடு ஓடிய கார் என்றால், ஆறிய பின் கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியால் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் அதன் தேன்கூடு உடைந்திருக்கிறது. அதையும் மாற்றவில்லை என்றால் பிக்கப் திரும்பி வராது.