வேதியியல் சோதனைகளைக் கோப்பில் பதிய ஒரு பைதான் பேக்கேஜ்: ஆஸ்பிரினை வைத்துப் படிப்படியாக

எம்.எஸ்சி. புராஜெக்டில் ஒரு காப்பர் அணைவுச் சேர்மத்தை ஏழு தடவை தயாரித்தேன். ஏழு விளைச்சலும் எக்செல் கோப்பில் சதவீதமாக இருந்தன. கடைசி மாதம்தான் கவனித்தேன்: சில நாள் நீரேறிய காப்பர் சல்பேட்டின் மூலக்கூறு நிறையைப் போட்டிருக்கிறேன், 249.69. சில நாள் நீரற்றதினுடையது, 159.61. எந்த நாள் எதைப் போட்டேன் என்று எழுதி வைக்கவில்லை. தராசில் வந்த எடைகள் இருந்தால் பத்து நிமிடத்தில் சரி செய்திருக்கலாம். ஆனால் எடை இருந்த கட்டத்திலேயே விடையை எழுதி அழித்துவிட்டிருந்தேன். மூன்று சோதனைகளின் எடை அப்சர்வேஷன் நோட்டில் கிடைத்தது. மீதி நான்கையும் திரும்பச் செய்தேன்.

அதனால் இங்கே நாம் செய்யப்போகும் பேக்கேஜுக்கு ஒரே ஒரு கட்டளை. கண்ணால் பார்த்ததும் தராசு காட்டியதும் கோப்பில் இருக்கும். கணக்குப் போட்டு வருவது எதுவும் கோப்பில் இருக்காது. மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வரும். கிளாஸ், ஃபங்ஷன் எழுதத் தெரிந்த யாரும் பின்தொடரலாம். பைதான் 3.9 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஆஸ்பிரின். 1897-இல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் தூய நிலையில் தயாரித்த அதே பொருள். இன்று கல்லூரி லேப்களில் பலரும் செய்யும் சோதனை. சாலிசிலிக் அமிலம், அசிட்டிக் அன்ஹைட்ரைடு, சில சொட்டு கந்தக அமிலம், அவ்வளவுதான்.

படி 1: நிரல் எழுதும் முன் கோப்பைக் கையால் எழுதுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கிளாஸ் எழுத உட்காருகிறார்கள். அது வேண்டாம். ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து, ஒரு சோதனையின் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கையாலேயே தட்டிப் பாருங்கள். பேக்கேஜ் ஒருநாள் இயங்காமல் போகலாம். கோப்பை அப்போதும் நோட்பேடில் திறந்து படிக்க முடிய வேண்டும். நான் எழுதியது இது:

{
  "வடிவம்": 1,
  "எண்": "2025-07-14-01",
  "தலைப்பு": "ஆஸ்பிரின் தயாரிப்பு",
  "தொடக்கம்": "2025-07-14 10:20:00+05:30",
  "பொருள்கள்": [
    {"பெயர்": "சாலிசிலிக் அமிலம்", "சிஏஎஸ்": "69-72-7", "பங்கு": "வினைபடுபொருள்", "அளவு": "2.00", "அலகு": "கிராம்"},
    {"பெயர்": "அசிட்டிக் அன்ஹைட்ரைடு", "சிஏஎஸ்": "108-24-7", "பங்கு": "வினைபடுபொருள்", "அளவு": "5.0", "அலகு": "மில்லிலிட்டர்"},
    {"பெயர்": "கந்தக அமிலம்", "சிஏஎஸ்": "7664-93-9", "பங்கு": "வினையூக்கி", "அளவு": "5", "அலகு": "சொட்டு"}
  ],
  "நிகழ்வுகள்": [
    {"நேரம்": "10:35", "வகை": "செய்தது", "விவரம்": "80 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்தேன்"},
    {"நேரம்": "10:41", "வகை": "பார்த்தது", "விவரம்": "திண்மம் முழுதும் கரைந்து தெளிவானது"},
    {"நேரம்": "10:52", "வகை": "செய்தது", "விவரம்": "வெளியே எடுத்து, குளிர்ந்த நீர் சேர்த்து, ஐஸில் வைத்தேன்"},
    {"நேரம்": "12:10", "வகை": "பார்த்தது", "விவரம்": "ஃபெர்ரிக் குளோரைடு சோதனையில் லேசான ஊதா"}
  ],
  "விளைபொருள்": {"பெயர்": "ஆஸ்பிரின்", "சிஏஎஸ்": "50-78-2", "அளவு": "2.10", "அலகு": "கிராம்"}
}

இது ஜேசான் வடிவம். "சிஏஎஸ்" என்பது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தரப்படும் தனி அடையாள எண். பொருள்களும் நிகழ்வுகளும் பட்டியலுக்குள் பட்டியலாக வருவதால், வெறும் அட்டவணையான சிஎஸ்வி பொருந்தாது. டாமல் என்ற இன்னொரு வடிவம் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் பைதான் 3.11 முதல் அதனோடு வரும் டாமல் லைப்ரரி படிக்க மட்டும் செய்யும், எழுதாது. கோப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு தேடுவதற்கு எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இப்போது தேவையில்லை.

மோல் இல்லை, விளைச்சல் சதவீதம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "செய்தது", "பார்த்தது" என்று வகை பிரித்ததும் வேண்டுமென்றே செய்ததுதான். ஊதா நிறம் வந்தது பார்த்தது. சாலிசிலிக் அமிலம் கொஞ்சம் வினைபுரியாமல் மிஞ்சியிருக்கிறது என்பது அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு. முடிவு நாளைக்கு மாறலாம், ஊதா மாறாது. முதல் வரியில் உள்ள "வடிவம்": 1 என்பதையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் புதிதாக ஒரு புலம் சேர்க்கும்போது, பழைய கோப்பை எப்படிப் படிப்பது என்று பேக்கேஜுக்குச் சொல்வது இந்த எண்தான்.

படி 2: எடையை ஏன் மேற்கோள் குறிக்குள் போட்டேன்

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள். தராசு 2.10 என்று காட்டியது. அந்தக் கடைசி பூஜ்யத்துக்கு அர்த்தம் உண்டு: நூறில் ஒரு கிராம் வரை அளந்தேன் என்று அது சொல்கிறது. இதையே ஃப்ளோட்டாகக் கொடுத்தால் பைதான் 2.1 என்று வைத்துக்கொள்ளும். பூஜ்யம் போனால் எந்தத் தராசு என்ற தகவலும் கூடவே போய்விடும். ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவது வேறு தொல்லை.

பைதானோடு வரும் டெசிமல் மாட்யூலுக்கு "2.10" என்று எழுத்தாகக் கொடுங்கள், பூஜ்யம் அப்படியே நிற்கும். ஃப்ளோட்டாகக் கொடுத்தால் தவறு உள்ளே போன பிறகுதான் டெசிமல் ஆகும், பயனில்லை. ஜேசான் லைப்ரரிக்கு டெசிமலை எழுதத் தெரியாது, பிழை காட்டும். அதனால் சேமிக்கும்போது எழுத்தாக மாற்றுகிறோம், படிக்கும்போது திரும்ப டெசிமலாக்குகிறோம். மேற்கோள் குறிக்கு இதுதான் காரணம்.

அளவையும் அலகையும் எப்போதும் ஜோடியாகவே வையுங்கள். "5.0 மிலி" என்று ஒரே புலத்தில் எழுதினால், பிறகு அதைப் பிரித்தெடுக்க ஒரு நிரல் எழுத வேண்டியிருக்கும்.

படி 3: ஃபோல்டர் அமைப்பு

மேல் ஃபோல்டரில் பைபுராஜெக்ட் டாமல் கோப்பு ஒன்று. அதன் பக்கத்தில் எஸ்ஆர்சி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பேக்கேஜ் ஃபோல்டர். டெஸ்டுகளுக்குத் தனி ஃபோல்டர். எஸ்ஆர்சிக்குள் வைப்பதில் ஒரு நன்மை உண்டு: நிறுவாமல் தற்செயலாக இறக்குமதி ஆகிவிடாது. எனவே நிறுவல் சரியாக இல்லையென்றால் முதல் நாளே தெரிந்துவிடும்.

பேக்கேஜுக்குள் நான்கு மாட்யூல்கள்: மாதிரி, சேமிப்பு, சரிபார்ப்பு, கணக்கு. டிஸ்கைத் தொடும் உரிமை சேமிப்புக்கு மட்டும். கணக்கு மாட்யூல் எந்தக் கோப்பையும் திறக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. இந்த ஒரு வேலி இருந்திருந்தால் என் நான்கு சோதனைகளும் பிழைத்திருக்கும்.

பைதான் 3-இல் மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைபிஐ தளத்தில் வெளியிடும் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 4: மாதிரி

"அளவு", "பொருள்", "நிகழ்வு", "சோதனை" என்று நான்கு டேட்டாகிளாஸ்கள் எழுதுங்கள். நான்கிலும் ஃப்ரோசன் என்பதை ட்ரூ ஆக்குங்கள். அப்புறம் யாராலும் சோதனையின் எடையை மாற்றி எழுத முடியாது, முயன்றால் பிழை வரும். இதில் ஒரு ஓட்டை உண்டு. நிகழ்வுகளை லிஸ்டாக வைத்தால் வெளிக்கூடு பூட்டியிருந்தாலும் லிஸ்டுக்குள் சேர்க்கவும் நீக்கவும் முடியும். அதனால் டியூப்பிளாக வையுங்கள். ஜேசானில் எழுதும்போது அது தானாகவே லிஸ்டாகிவிடும். படிக்கும்போது நீங்கள்தான் திரும்ப டியூப்பிளாக்க வேண்டும்.

தொடக்க நேரத்தில் +05:30 இருக்கிறதா என்று பாருங்கள். நேர மண்டலம் இல்லாத நேரத்தை ஏற்கவே வேண்டாம். கோப்பு நாளைக்கு வேறு ஊரில் உள்ள கணினியில் திறக்கப்படலாம்.

படி 5: சேமிப்பு

தமிழில் எழுதுகிற நமக்கு இங்கே மூன்று பள்ளங்கள்.

முதலாவது, ஜேசான் லைப்ரரி வழக்கமாக ஆஸ்கி அல்லாத எழுத்துகளைப் பின்சாய்கோடு போட்ட குறியீடுகளாக மாற்றி எழுதும். கோப்பைத் திறந்தால் "ஆஸ்பிரின்" இருக்காது, குறியீடுகள்தான் வரிசையாக நிற்கும். என்ஷூர் ஆஸ்கி என்ற தேர்வை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே இருக்கும். இரண்டாவது, கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸ் கணினி வேறு குறிமுறையை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. "பொருள்" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைதானுக்கு வேறு வேறு. ஒரு கீபோர்டில் தட்டிய "பொருள்கள்" இன்னொன்றில் தட்டியதோடு பொருந்தாமல் போனால் மணிக்கணக்கில் தேடுவீர்கள். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனை, துண்டுகளை ஒரே எழுத்தாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையில், சேமிக்கும்போதும் படிக்கும்போதும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

சரி, கோப்பை எழுதுவது எப்படி? டபிள்யூ முறையில் திறந்தால் பழைய கோப்பு சத்தமில்லாமல் அழியும். எக்ஸ் முறையில் திறங்கள். அதே பெயரில் கோப்பு இருந்தால் பைதான் எழுத மறுத்துவிடும். கோப்பின் பெயர் சோதனை எண்தான்: தேதி, அன்றைய வரிசை எண். மைக்கேல் ஃபாரடே 1832-இல் தொடங்கித் தன் ஆய்வுக் குறிப்பின் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் கொடுத்துக்கொண்டே போனார். அந்த எண் 16,000-ஐத் தாண்டியது. எண் இருந்ததால்தான் ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றைக் கைகாட்ட முடிந்தது. நமக்கும் அதே காரணம்.

அப்படியானால் தப்பாக எழுதியதை எப்படித் திருத்துவது? ரெக்கார்டு நோட்டில் செய்வது போலத்தான். அங்கே ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடுவோம். பழையது தெரிந்துகொண்டே இருக்கும். இங்கே "2025-07-14-01-தி1" என்று புதுக் கோப்பு எழுதுங்கள். அதில் "காரணம்" என்ற புலம் கட்டாயம். காலியாக இருந்தால் சேமிக்க மறுக்கட்டும்.

படி 6: சரிபார்ப்பு

காலி அளவு, எதிர்மறை எடை, தெரியாத அலகு ஆகியவற்றைத் தடுப்பது எளிது, நீங்களே எழுதிவிடுவீர்கள். சிஏஎஸ் எண்ணுக்கு மட்டும் ஒரு அழகான வழி இருக்கிறது. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். மீதி இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 என்று பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்தால் மீதியாக அதுவே வர வேண்டும்.

சாலிசிலிக் அமிலத்துக்கு 69-72-7. கடைசி 7-ஐ விட்டால் வலமிருந்து 2, 7, 9, 6. பெருக்கினால் 2, 14, 27, 24. கூட்டுத்தொகை 67, மீதி 7. சரி. அவசரத்தில் 69-27-7 என்று தட்டியிருந்தால் கூட்டுத்தொகை 62, மீதி 2. பிடிபட்டுவிடும்.

படி 7: கணக்கு

மூலக்கூறு நிறைகளைச் சோதனைக் கோப்பில் வைக்காமல், சிஏஎஸ் எண்ணைச் சாவியாகக் கொண்ட தனி அட்டவணையில் வையுங்கள். நீரேறிய காப்பர் சல்பேட்டுக்கும் நீரற்றதுக்கும் சிஏஎஸ் எண் வேறு வேறு, குழப்பத்துக்கு இடமில்லை. திரவங்களுக்கு அடர்த்தியும் அங்கேயே. அப்புறம் கணக்கு மூன்று வரிதான். இவை அப்படியே இயங்கும் பைதான் வரிகள்:

மோல் = நிறை / மூலக்கூறு_நிறை
கிடைக்க_வேண்டியது = குறைந்த_மோல் * விளைபொருள்_மூலக்கூறு_நிறை
விளைச்சல் = கிடைத்தது / கிடைக்க_வேண்டியது * 100

சாலிசிலிக் அமிலம் 2.00 கிராம், மூலக்கூறு நிறை 138.12, அதாவது 0.0145 மோல். அன்ஹைட்ரைடு 5.0 மிலி, அடர்த்தி 1.08, ஆக 5.4 கிராம், 102.09-ஆல் வகுத்தால் 0.053 மோல். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என வினைபுரிவதால் சாலிசிலிக் அமிலம்தான் முதலில் தீர்ந்துபோகும், அதாவது அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. ஆஸ்பிரினின் மூலக்கூறு நிறை 180.16. கிடைக்க வேண்டியது 2.61 கிராம், கிடைத்தது 2.10. விளைச்சல் 80.5 சதவீதம். வினையூக்கியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது. "பங்கு" புலம் அதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை: டெசிமல் பூஜ்யத்தைக் காப்பாற்றும், ஆனால் வகுத்தால் 28 இலக்கம் வரை விடை கொடுக்கும். முக்கிய இலக்க விதி அதற்குத் தெரியாது. காட்டும் இடத்தில் நீங்கள்தான் குவான்டைஸ் கொண்டு வெட்ட வேண்டும்.

படி 8: டெஸ்ட்

பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் மூன்று டெஸ்ட் போதும். சோதனை ஒன்றைச் சேமித்துத் திரும்பப் படித்தால் "2.10" என்பது "2.10" ஆகவே வர வேண்டும். அதே எண்ணில் இரண்டாம் முறை சேமித்தால் பிழை வர வேண்டும். மேலே உள்ள ஆஸ்பிரின் கணக்குக்கு 80.5 வர வேண்டும். பிப்பின் எடிட்டபிள் முறையில் நிறுவிக்கொண்டால், நிரலை மாற்றும்போதெல்லாம் திரும்ப நிறுவ வேண்டியதில்லை.

மூன்றும் பச்சையானதும், உங்கள் ரெக்கார்டு நோட்டில் இருப்பதிலேயே பழைய பக்கத்தை எடுத்து இந்த வடிவத்தில் தட்டிப் பாருங்கள். எங்கே எழுத இடமில்லாமல் திணறுகிறீர்களோ, அந்தப் புலத்தைச் சேர்த்து வடிவ எண்ணை 2 ஆக்குங்கள். எனக்கு முதலில் திணறியது "எந்தத் தராசு" என்பதில்.