மெல்பர்ன் நம்பர் ஒன் ஊரா? பட்டியலைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

"மாமா, மெல்பர்ன்ல சீட் கிடைச்சிருக்கு. உலகத்துலேயே வாழ நல்ல ஊராம்" என்று அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். படத்தின் மூலையில் பொடி எழுத்தில் 2017 என்று இருந்தது. பலரும் செய்யும் முதல் தவறு இதுதான், வருஷத்தைப் பார்க்காமல் நம்புவது. எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் (இஐயூ) என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடும், வாழ ஏற்ற நகரங்களின் பட்டியலில் 2011 முதல் 2017 வரை ஏழு வருஷம் மெல்பர்ன்தான் முதலிடம். 2018-இல் வியன்னா அதைப் பிடித்தது. 2025-இல் கோபன்ஹேகன் முதலிடம், மெல்பர்ன் நாலாமிடம்.

"ஐயோ, இறங்கிப்போச்சா?" என்று கேட்பது அடுத்த தவறு. ரேங்க்கைப் பார்க்கிறோம், மார்க்கைப் பார்ப்பதில்லை. 2017-இல் மெல்பர்ன் வாங்கியது 100-க்கு 97.5. மறுவருஷம் 98.4. மார்க் ஏறியும் இரண்டாமிடம்தான், ஏனென்றால் வியன்னா 99.1 வாங்கிவிட்டது.

முதலிடம் மெல்பர்னுக்கு வந்த கதை இன்னும் வேடிக்கை. 2011 வரை அந்த இடத்தில் இருந்தது கனடாவின் வான்கூவர். மலஹாட் நெடுஞ்சாலையை அவ்வப்போது மூடுகிறார்கள் என்று சொல்லி அதன் மார்க்கைக் கொஞ்சம் குறைத்தார்கள். அந்தச் சாலையோ வான்கூவர் நகரத்திலேயே இல்லை. கடலைத் தாண்டி வான்கூவர் தீவில் இருக்கிறது, நகரத்திலிருந்து காரில் போனாலும் நடுவில் படகேற வேண்டும்! அந்த வருஷம் மெல்பர்ன் 97.5, வியன்னா 97.4, வான்கூவர் 97.3. புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரு எண்ணில்தான் முதலிடமும் மூன்றாமிடமும் தீர்மானமாயின.

சரி, இதெல்லாம் சின்னத் தவறுகள். பெரிய தவறு, பட்டியல் யாருக்காகப் போடப்பட்டது என்று கேட்காமல் இருப்பது. இஐயூ பட்டியலும் மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலும், ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் கஷ்டப்படி (சிரமமான ஊரில் வேலை பார்ப்பதற்குச் சம்பளத்துக்கு மேல் தரும் தொகை) எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடப் பயன்படுபவை. இஐயூ கணக்கில் 80-க்கு மேல் வாங்கிய ஊருக்குப் படி தேவையில்லை. 70 முதல் 80 வரை என்றால் சம்பளத்தில் 5 சதவீதம். 50-ஓ அதற்குக் கீழோ என்றால் 20 சதவீதம். மார்க் பிரிப்பதிலும் அந்தப் பார்வை தெரியும். நிலைத்தன்மைக்கு (குற்றம், கலவரம் இல்லாமல் இருப்பதற்கு) 25, பண்பாடு–சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. உள்ளே போனால் தனியார் மருத்துவம் கிடைக்கிறதா, தனியார் பள்ளி எப்படி, தட்பவெப்பம் பயணிகளுக்கு எவ்வளவு சிரமம் என்றெல்லாம் அளக்கிறார்கள். சித்திரை வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்தக் கடைசி அளவுகோலால் என்ன பிரயோஜனம்?

விலைவாசி இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அதற்கு இஐயூ தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. வீடு தரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வாடகை உங்களுக்குக் கட்டுபடியாகுமா என்று பார்க்க மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற நிபந்தனையோடு போகிற மாணவன் இதைக் கவனிக்காமல் விட்டால் முதல் மாசமே தெரிந்துவிடும்.

மெல்பர்ன் என்றால் எந்த மெல்பர்ன் என்பதையும் கேட்க வேண்டும். மெல்பர்ன் மாநகராட்சியின் பரப்பு 37 சதுர கிலோமீட்டர் அளவுதான். பெருநகரம் என்று சேர்த்துச் சொல்வது சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். நம்மவர்கள் போகும் சிவா விஷ்ணு கோயில் இருக்கும் கேரம் டவுன்ஸ், நகர மையத்திலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல். டிராம் ஓடும் நடு நகரத்தில் இருப்பவருக்கும் கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாத புறநகரில் இருப்பவருக்கும் பட்டியலில் ஒரே மார்க்தான்.

அப்புறம் 2021. கொரோனா காலத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து முதலிடத்துக்கு வந்தது, வியன்னா 12-க்குப் போனது. மறுவருஷமே வியன்னா மறுபடி முதலிடம். அந்த ஒரு வருஷத்தை வைத்து "முன்னேற்றம், வீழ்ச்சி" என்று எழுதுவது வீண்.

விருதையும் தரவரிசையையும் குழப்பிக்கொள்வதும் வழக்கம். யுனெஸ்கோ 2008-இல் மெல்பர்னை இலக்கிய நகரமாகவும் 2017-இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாகவும் சேர்த்துக்கொண்டது. அவை நகரங்களே விண்ணப்பித்து வாங்கும் அங்கீகாரம். இசையில் சென்னை உலக முதலிடம் என்று அதற்கு அர்த்தமில்லை. சிங்கப்பூரின் லீ குவான் யூ உலக நகரப் பரிசு 2016-இல் கொலம்பியாவின் மெடயீனுக்குப் போனது. ஒருகாலத்தில் கொலைகளுக்குப் பேர் போன ஊர் அது. கிடந்த நிலையிலிருந்து எவ்வளவு எழுந்து வந்திருக்கிறது என்று பார்த்துக் கொடுத்த பரிசு.

அக்கா மகன் படத்தை அழித்துவிட்டான். இப்போது மெல்பர்ன் புறநகரான டான்டினாங் பக்கம் ஒரு அறைக்கு வாரத்துக்கு எவ்வளவு, அங்கிருந்து வகுப்புக்கு எத்தனை ரயில் மாற வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.