ஒற்றைப் படிகத்தில் காந்தம் அளக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி போன வாரம் ஒரு வரைபடத்தைக் காட்டினார். "அண்ணா, கடினத் திசையிலும் ஃபெர்ரோ காந்தம் வருது!" கடினத் திசை என்றால் படிகத்தின் காந்தம் எளிதில் திரும்பாத திசை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அதே வரைபடத்தை ஒரு காலத்தில் நானும் வரைந்திருக்கிறேன். எடையைக் குறிக்க மறப்பது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

கண்ணளவில் ஒட்டுவது

நான் அளந்தது பிரசியோடிமியமும் ருத்தேனியமும் சிலிக்கானும் 1:2:2 விகிதத்தில் சேர்ந்த படிகம். 14 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோ காந்தம். பிரசியோடிமியத்தின் 4எஃப் எலக்ட்ரான் மேகம் உருண்டையாக இருக்காது, சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் அதை ஒரு திசையில் பிடித்து வைத்துவிடும். அதனால் அயனிக்குச் சுமார் 2.7 போர் மேக்னட்டான் (அணு அளவுக் காந்தத்தின் அலகு) காந்தத் திருப்புதிறனும் படிகத்தின் முக்கிய அச்சான சி-அச்சிலேயே நிற்கும். அச்சுக்குக் குறுக்கே புலம் கொடுத்தால் மெதுவாக ஏறும் ஒரு கோடுதான் வரவேண்டும். எனக்கோ சின்னப் புலத்திலேயே 0.23-க்கு ஒரு தாவல்! திருப்புதிறன்கள் அச்சிலிருந்து சாய்ந்திருக்கின்றன என்று இரண்டு பக்கம் எழுதி, நியூட்ரான் சோதனைக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டேன். சீனியர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "0.23-ஐ 2.7-ஆல வகுத்தியா?"

0.085. ஐந்து டிகிரியின் சைன் 0.087. சாய்ந்திருந்தது திருப்புதிறன் இல்லை, படிகமேதான்.

அச்சுகளின் திசை காட்டும் எக்ஸ்-கதிர் லாவே படம் சரி, வெட்டியதும் சரி. 3 மில்லிமீட்டர் துண்டின் ஒரு முனைக்கு அடியில், ஒட்டப் பயன்படுத்திய வார்னிஷ் கட்டியாக உறைந்து கால் மில்லிமீட்டர் தூக்கியிருந்தது, அவ்வளவுதான். மூன்று மாத வேலை போச்சு. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. நேராகவே ஒட்டினாலும் படிகம் அப்படியே இருக்காது. 10 மில்லிகிராம் துண்டு, 5 டெஸ்லா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் கையில் 190 கிராம் தொங்குவதற்குச் சமமான முறுக்கு வரும். கிட்டத்தட்ட ஒரு சாத்துக்குடி! அதைக் கிரீஸ் தாங்குமா? வார்னிஷ் நன்றாகக் காயட்டும், அப்புறம் இரண்டு குவார்ட்ஸ் துண்டுகளுக்கு நடுவே இறுக்குங்கள். சி-அச்சைச் சுற்றி 90 டிகிரி திருப்பி மறுபடி ஒட்டி அளந்தும் பாருங்கள். இப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் நாற்கோணப் படிகத்தில் இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும், வராவிட்டால் தாவலை நம்பாதீர்கள்.

தம்பியின் படத்தில் வகுத்தால் 7 டிகிரி வந்தது.

3.7 கெல்வினில் சரிவு

கண்டுபிடிப்பு இல்லை, படிகத்தை வளர்த்த உருகிய வெள்ளீயம் கொஞ்சம் ஒட்டியிருந்து அங்கே மீக்கடத்தியாகிறது. இண்டியத்தில் வளர்த்திருந்தால் 3.4.

தாழ்வெப்பத்தில் கியூரி-வைஸ் பொருத்துவது

வேண்டாம். காந்த ஏற்புத்திறனின் தலைகீழியை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும் என்பதுதான் கியூரி-வைஸ் விதி. சுற்றியுள்ள மின்புலம் அயனியின் ஆற்றல் நிலைகளைப் பிளப்பது அங்கே கோட்டை வளைத்துவிடும். உயர்வெப்பத்தில் நேராக ஓடும் பகுதியை எடுங்கள். பிரசியோடிமியம் என்றால் சாய்விலிருந்து கிடைக்கும் திருப்புதிறன் இரண்டு திசையிலும் 3.58 போர் மேக்னட்டானுக்குப் பக்கத்தில் வரும், கோடு வெப்பநிலை அச்சை வெட்டும் இடமான வைஸ் வெப்பநிலைதான் வேறுபடும்.

கடோலினியத்தில், பாராகாந்த நிலையிலேயே பெரிய திசை வேறுபாடு

அதன் 4எஃப் மேகம் உருண்டை, அதனால் காந்த ஒழுங்கு வராத பாராகாந்த நிலையில் பெரிய வேறுபாடு வரக்கூடாது. கழற்றி மறுபடி ஒட்டுங்கள்.